மார்பைப் பார்க்கும் முன் உயரத்தை அளந்து பாருங்கள்

சிறுமிகளுக்கு முன்கூட்டியே ஏற்படும் மார்பு வளர்ச்சி குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஐந்துக்குக் குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் பதிலளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகளுக்கு ஏழரை வயதாகிறது. குளிப்பாட்டும்போது இடது மார்புக் காம்புக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அழுத்தினால் வலிக்கிறது என்கிறாள். வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் புற்றுநோயாக இருக்குமோ என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. சீக்கிரமே வயதுக்கு வந்துவிடுவாள் என்று மாமியார் சொல்கிறார். நாங்கள் என்ன செய்வது?
(ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: முதலில் அந்த உறவினர் சொன்னதை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இந்த வயதில் மார்பகப் புற்றுநோய் என்பது மருத்துவர்கள் தங்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காத அளவுக்கு அரிது. காம்புக்கு நேர் அடியில், சற்றே கெட்டியாக, தொட்டால் நோவு தரும்படி, விரலுக்கு நகர்ந்து கொடுக்கும் சிறு வட்டாக இருப்பது பெரும்பாலும் மார்பு வளர்ச்சியின் தொடக்கமான மார்பு மொட்டுதான். அது ஒரு பக்கத்தில் முதலில் தோன்றுவதும், மறுபக்கம் சில மாதங்கள் கழித்துத் தொடர்வதும் மிகச் சாதாரணம். காம்பிலிருந்து விலகிய கட்டி, இரத்தக் கசிவு, காய்ச்சலுடன் கூடிய சிவந்த வீக்கம் ஆகியவை இருந்தால் மட்டுமே கதை வேறு.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "சின்னக் கட்டிதானே, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளைக்கு முழு மார்பகமாக வளரவேண்டிய திசு முழுவதும் அந்தச் சுண்டைக்காய்க்குள்தான் இருக்கிறது. அதை வெட்டி எடுத்தால் அந்தப் பக்கம் மார்பகமே வளராது. சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்கேன் போதும்.

இனி வயதைப் பற்றிப் பார்ப்போம். பெண் குழந்தைகளில் மார்பு மொட்டு 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தோன்றுவது இயல்பு. எட்டு வயது நிறைவதற்கு முன் தோன்றினால் முன்கூட்டியது என்கிறோம். மொட்டு தோன்றும் சராசரி வயது காலத்துக்கேற்ப இறங்கிக்கொண்டும் இருக்கிறது. லண்டனில் மார்ஷலும் டானரும் 1969இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டிஷ் சிறுமிகளுக்கு மொட்டு தோன்றிய சராசரி வயது பதினொன்றுக்குச் சற்று மேல். கோபன்ஹேகனில் 1991இல் 10.88 ஆக இருந்த சராசரி, 2006இல் 9.86 ஆகிவிட்டது. ஆகவே எட்டு என்ற எல்லையைக் கீழே இறக்கிவிடலாமா என்ற விவாதம் எங்கள் துறையில் நெடுநாளாக உண்டு. நான் எட்டையே பிடித்துக்கொண்டிருப்பவள். எல்லையை இறக்கினால், சிகிச்சை தேவைப்படும் சில குழந்தைகள் "எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்ற பேச்சில் நம் கையை விட்டு நழுவிவிடுவார்கள் என்பதே என் அச்சம்.

உங்கள் மகள் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறாள். இரவோடு இரவாக ஓடவேண்டியதில்லை என்றாலும், சில வாரங்களுக்குள் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலேயே தொடங்கலாம். போகும்போது பழைய உயரக் கணக்கை எடுத்துப் போங்கள். தடுப்பூசி அட்டையிலோ, பள்ளியின் உடல்நலப் பதிவேட்டிலோ, கதவு நிலையில் பென்சிலால் போட்ட கோட்டிலோ அது இருக்கும். என்னிடம் வரும் பெற்றோர் மார்பின் அளவைப் பற்றித்தான் அரைமணி நேரம் பேசுகிறார்கள். நானோ உயரத்தைத்தான் கேட்பேன். நான்கு வயதுக்கு மேல் பருவமாற்றம் தொடங்கும்வரை ஒரு குழந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்டிமீட்டர் வளரும். மார்பு மொட்டு இருந்தும் அந்த வேகம் மாறவில்லை என்றால், ஈஸ்ட்ரோஜென் என்ற பெண்மை ஹார்மோன் உடல் முழுவதையும் இன்னும் பற்றிக்கொள்ளவில்லை என்று பொருள். அநேகமாக மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவந்தாலே போதுமானதாக இருக்கும். ஆண்டுக்கு ஏழு, எட்டு சென்டிமீட்டர் என்று திடீரென எகிறியிருந்தால் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிப்போம், இரத்தத்தில் சினைப்பையைத் தூண்டும் எல்.எச். என்ற ஹார்மோனை அளப்போம். கருப்பையும் சினைப்பைகளும் வளரத் தொடங்கிவிட்டனவா என்று வயிற்று ஸ்கேனில் பார்ப்போம்.

மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. பலரும் எதிர்பார்க்காதது அது. மார்பு வளர்கிறது, உயரமோ நின்றுபோய்விட்டது, குழந்தை மந்தமாக இருக்கிறாள், மலச்சிக்கல் இருக்கிறது, எடை கூடுகிறது என்றால் தைராய்டைப் பார்க்கவேண்டும். கடுமையான தைராய்டு குறைபாடே சினைப்பையைத் தூண்டி மார்பு வளர்ச்சியையும், சில குழந்தைகளில் இரத்தப்போக்கையும் உண்டாக்கும் என்பதை வான் விக், கிரம்பாக் என்ற இரு மருத்துவர்கள் 1960இல் விவரித்தார்கள். தினம் ஒரு தைராக்ஸின் மாத்திரையில் இந்த மாற்றங்கள் பின்வாங்கிவிடும்; உயரமும் மீண்டும் ஏறத் தொடங்கும். விலை குறைந்த இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

உங்கள் மாமியாரின் கவலைக்கும் பதில் சொல்லவேண்டும். மொட்டு தோன்றியதிலிருந்து முதல் மாதவிடாய் வரைக்கும் சராசரியாக இரண்டு, இரண்டரை ஆண்டுகள் ஆகும். அடுத்த மாதமே மகள் பெரியவளாகிவிடமாட்டாள். ஆர அமரப் பார்க்க அவகாசம் இருக்கிறது.

கேள்வி: என் பேத்திக்குப் பதினான்கு மாதம். பிறந்தபோதே இரண்டு மார்பும் வீங்கியிருந்தன. குளிப்பாட்ட வந்த அம்மாள் எண்ணெய் தடவிப் பால் பிதுக்கி எடுத்தார், பிறகு வடிந்துவிட்டது. இப்போது மீண்டும் இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்திருக்கிறது. சரியாகப் பிதுக்காததால்தான் இப்படி என்று அவர் சொல்கிறார்.
(ஒரு பாட்டி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, பிதுக்கியதற்கும் வடிந்ததற்கும் தொடர்பே இல்லை. கருவில் இருக்கும்போது தாயின் ஹார்மோன்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சேர்வதால், பிறந்த குழந்தைகளுக்கு, ஆண் குழந்தைகளுக்கும்கூட, மார்பு வீங்கும். ஓரிரு சொட்டுப் பால் போன்ற நீரும் கசியும். யாரும் தொடாமல் விட்டாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தானாக வடியும். பிதுக்கினால்தான் ஆபத்து: தோல் வழியே கிருமி உள்ளே போய்ச் சீழ்க்கட்டி உண்டாகிறது, அதைக் கீறிச் சீழை எடுக்க நேர்ந்தால் மொட்டின் திசு சிதைந்து, பருவ வயதில் அந்தப் பக்கம் வளர்ச்சி குன்றக்கூடும். நம் ஊர்களில் இன்றும் இந்தப் பழக்கம் இருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இனி யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

இப்போது இருக்கும் புடைப்பு வேறு வகை. பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளில் பெண் குழந்தையின் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி சினைப்பையைச் சற்றே தட்டி எழுப்பிப் பிறகு நீண்ட உறக்கத்துக்குப் போகிறது. அந்த இடைக்காலத்தில் மார்பு சிறிதாக வளர்வதும், ஒரு மாதம் பெரிதாகவும் மறுமாதம் சிறிதாகவும் தெரிவதும் உண்டு. காம்பைச் சுற்றிய நிறம் கறுக்காமலும், உயரம் வழக்கம்போலவும், இரத்தக்கசிவு இல்லாமலும் இருந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஓரிரு ஆண்டுகளில் தானே மறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டி வந்தால் போதும்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டியிருக்கிறது, தவறாக நினைக்கவேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சிக்காகவோ எரிச்சலுக்காகவோ உங்களுக்கு ஈஸ்ட்ரோஜென் கலந்த களிம்பை மருத்துவர் கொடுத்திருக்கிறாரா? அதைப் பூசிய கையோடு குழந்தையைத் தூக்கினால் மருந்து அவள் தோலிலும் ஏறும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். களிம்பின் பெயரையும் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பிராய்லர் கோழி சாப்பிடுவதால்தான் பெண் குழந்தைகள் சீக்கிரம் பருவமடைகிறார்கள் என்பது உண்மையா? நாட்டுக்கோழிக்கும் சோயாவுக்கும் இது பொருந்துமா?
(ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. இந்த அச்சத்துக்குப் பின்னால் ஒரு பழைய உண்மை இருக்கிறது: அமெரிக்காவில் டயெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜெனைக் கோழிகளின் கழுத்துத் தோலுக்கடியில் வில்லையாகப் பதித்துக் கொழுக்க வைத்தார்கள், 1959இல் கோழிகளுக்கு அதைக் கொடுப்பதற்குத் தடை வந்தது. இன்றைய பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை போடுவது, பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துச் செய்த இனப்பெருக்கத்தாலும் தீவனத்தாலும்தான். ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஊசி போடுவது பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. கோழிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது மெய்யான பிரச்சினை. ஆனால் அது வேறு பிரச்சினை.

கோழியைவிட அதை எப்படிச் சமைக்கிறோம், அதோடு என்ன சாப்பிடுகிறோம், சாப்பிட்ட பிறகு எவ்வளவு ஓடுகிறோம் என்பதுதான் முக்கியம். உடலில் கொழுப்பு கூடும்போது லெப்டின் என்ற ஹார்மோன் கூடி, உடல் தயாராகிவிட்டது என்று மூளைக்குச் சொல்கிறது. கொழுப்புத் திசுவே சிறிதளவு ஈஸ்ட்ரோஜெனையும் தயாரிக்கிறது. பருமனான குழந்தைகளில் மார்புபோலத் தோன்றுவது வெறும் கொழுப்பாகவும் இருக்கலாம். மல்லாக்கப் படுக்கவைத்துத் தொட்டுப் பார்த்தால் மொட்டின் கெட்டித்தன்மை இருக்கிறதா என்று மருத்துவருக்குத் தெரிந்துவிடும். இத்தாலியில் 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக்குப் பிறகு முன்கூட்டிய பருவமடைதலுக்காக வந்த சிறுமிகளின் எண்ணிக்கை திடீரென உயர்ந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். எடை கூடியது, விளையாட்டு நின்றது, திரை நேரம் பெருகியது, மனஅழுத்தம் என்று காரணங்களை இன்றும் விவாதிக்கிறார்கள்.

சோயாவை வழக்கமான உணவாகச் சாப்பிடுவதை நான் தடுப்பதில்லை. பிளாஸ்டிக்கிலுள்ள தாலேட் போன்ற வேதிப்பொருள்கள் மீது சந்தேகம் இருக்கிறது. ஆகவே சூடான குழம்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பாமல், எவர்சில்வர் டப்பாவுக்குத் திரும்புவதில் நட்டம் ஏதுமில்லை.

கேள்வி: என் மகளுக்கு ஆறரை வயது, எலும்பு வயது ஒன்பது என்கிறார்கள். தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்கிறார் மருத்துவர். வகுப்பிலேயே இவள்தான் உயரம், நன்றாகத்தானே இருக்கிறாள்? ஊசி போட்டால் பின்னாளில் குழந்தை பிறக்காது என்றும் சொல்கிறார்கள்.
(ஒரு தந்தை, சென்னை)

பதில்: இன்றைக்கு அவள் உயரமாக இருப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜென் எலும்பை வேகமாக வளரவைக்கும். அதேவேகத்தில் எலும்பின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டுகளை மூடியும்விடும். ஆறரை வயதில் ஒன்பது வயது எலும்பு என்றால், தோழிகள் வளர்ந்துகொண்டிருக்கும்போதே இவள் நின்றுவிடுவாள். சிறுவயதிலேயே தொடங்கும் சிகிச்சை உயரத்தில் நல்ல பலன் தருவதால்தான் உங்கள் மருத்துவர் அவசரப்படுகிறார்.

எம்.ஆர்.ஐ. எடுப்பது பயமுறுத்த அல்ல. மூளையிலிருந்தே தொடங்கும் இந்த வகையில் பெரும்பாலான சிறுமிகளுக்குக் காரணம் ஏதும் தென்படாது; ஆனால் வயது குறையக் குறைய, மூளையின் ஹைப்போதாலமஸ் என்ற பகுதியில் ஒரு சிறு திசுக்கட்டியோ வேறு கோளாறோ இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் குடும்பத்திலும் விசாரியுங்கள். எம்.கே.ஆர்.என்.3 என்ற மரபணுவில் உள்ள பழுது இதற்குக் காரணமாகலாம் என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். தந்தையிடமிருந்து வந்தால் மட்டுமே அந்தப் பழுது வெளிப்படும். ஒரு தலைமுறை தாண்டியும் வரலாம். பெண் சீக்கிரம் பருவமடைந்தால் தாய் வீட்டு வழி என்று பேசும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

லியூப்ரோலைடு போன்ற அந்த ஊசி என்ன செய்கிறது என்று பார்ப்போம். மூளை விட்டு விட்டு அனுப்பும் ஒரு சமிக்ஞையால்தான் பருவமாற்றம் நடக்கிறது. அதே சமிக்ஞையை இடைவெளியின்றித் தொடர்ந்து கொடுத்தால் பிட்யூட்டரி சுரப்பி அதைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறது. ஊசியை ஏறத்தாழ பதினொரு வயதில் நிறுத்தினால், பெரும்பாலும் ஒன்றரை ஆண்டுக்குள் மாதவிடாய் தொடங்கிவிடும். இந்தச் சிகிச்சை பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. இதைப் பெற்றவர்கள் வளர்ந்து தாயாகியும் இருக்கிறார்கள். முதல் ஊசிக்குப் பிறகு சில நாட்களில் லேசான இரத்தக்கசிவு வரலாம். அது வயதுக்கு வந்ததல்ல, உறவினரைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நான்காம் வகுப்பில் ஒரு மாணவி மார்பு வளர்ச்சி காரணமாகக் கூன் போட்டு உட்காருகிறாள். மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். விளையாட்டுப் பாடவேளைக்கு அனுப்பவேண்டாம் என்று தாய் சொல்கிறார்.
(ஓர் ஆசிரியை, மதுரை)

பதில்: அந்தத் தாயின் அச்சம் புரிகிறது, ஆனால் விளையாட்டை நிறுத்துவது உடலுக்கும் மனத்துக்கும் கெடுதல். மெல்லிய பருத்தி பனியனோ சிம்மீஸோ சட்டைக்குள் போட்டால் உரசலும் வலியும் கூச்சமும் குறையும் என்று அவரிடம் சொல்லுங்கள். கேலியை அவள் முன்னிலையில் விசாரிக்காமல் வகுப்புக்குப் பொதுவாகக் கண்டியுங்கள். உடல் பெரியதாகத் தெரிவதால் எல்லோரும் அவளிடம் பெரிய பெண்ணின் பொறுப்பை எதிர்பார்ப்பார்கள். அவள் மனத்துக்கு ஒன்பது வயதுதான். யாரும் தன்னைத் தொட்டுப் பேசுவது பிடிக்கவில்லை என்றால் உங்களிடம் வந்து சொல்லலாம் என்பதும், குழந்தைகள் உதவி எண் 1098 என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். மாதவிடாய் என்றால் என்ன என்பதைத் தாய் இப்போதே, இரத்தத்தைப் பார்த்து அவள் பயப்படுவதற்கு முன்பே, எளிய வார்த்தைகளில் சொல்லிவிடுவது நல்லது. உங்கள் மேசை இழுப்பறையில் ஒரு நாப்கின் பொட்டலமும் மாற்று உள்ளாடையும் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அவளிடம் தனியாகச் சொல்லிவையுங்கள்.