மாலை ஆறு மணிக்கு மேல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருச்சி பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் பிரிவில் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் தினமும் ஒரு வீடியோவோடு வருகிறார்கள். பறக்கும் கார், பாத்திரம் தேய்க்கும் ரோபோ, மூளைக்குள் சிப். “இதில் எது சார் நம்ம வீட்டுக்கு வரும்?” என்று ஒரு பையன் கேட்டான். செயற்கை நுண்ணறிவு என்று சொல்லிச் சமாளித்தேன். அவனுக்குத் திருப்தியில்லை, எனக்கும்தான். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

கண்ணன்

அன்புள்ள கண்ணன்,

பேட்டரி என்று சொல்லியிருப்பேன். பையன் இதற்கும் முகம் சுளிப்பான், பரவாயில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. பறக்கும் காரை விடுங்கள், தரையில் ஓடும் கார்களை நிறுத்தவே நமக்கு இடமில்லை. லித்தியம் அயனி பேட்டரியை சோனி 1991இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது, உங்கள் மாணவர்களைவிட வயதில் மூத்த சரக்கு. புதிதாக நடந்திருப்பது அதன் விலை வீழ்ச்சி. ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிக்கு 2010 வாக்கில் ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. ப்ளூம்பெர்க் ஆய்வுப் பிரிவின் கணக்குப்படி 2024இல் உலகச் சராசரி 115 டாலர்.

இதற்குப் பாதிக் காரணம் சீனத் தொழிற்சாலைகள் என்றால் மீதிக்கு நிக்கலும் கோபால்ட்டும் தேவைப்படாத இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரியைச் சொல்லலாம். எடை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் எளிதில் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். இந்த வகையை 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் என்ற விஞ்ஞானியின் குழு கண்டுபிடித்தது. அதற்கு முன்பே 1980களின் பின்பாதியில் அவரோடு சேர்ந்து இந்த மாதிரிப் பொருட்களுக்கு வழி திறந்தவர் ஆறுமுகம் மந்திரம், மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த நம்மூர்க்காரர். 2019இல் குடினஃபுக்கு நோபல் கிடைத்தபோது அவருக்கு 97 வயது, ஸ்டாக்ஹோமில் அவருடைய நோபல் உரையை அவர் சார்பில் ஆற்றியவரும் மந்திரம்தான். அந்தப் பையனிடம் இதையும் சொல்லி வையுங்கள்.

சரி, வீட்டுக்கு என்ன வரும்? 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. மதியம் சூரிய மின்சாரம் கொட்டுகிறது, ஆனால் எல்லோரும் வீடு திரும்பி ஏசியைப் போடும் நேரத்தில் அது கிடையாது. இலங்கையில் 2025 ஏப்ரலில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். புத்தாண்டு விடுமுறையில் தேவை இறங்கிவிட, கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்களிடம் பகலில் அதை அணைத்து வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டில் கிடந்த நாடு அது! பகலில் மிஞ்சுவதை இரவுக்கு எடுத்துவைக்க முடிந்தால் இந்தக் கூத்தெல்லாம் இல்லை. கலிஃபோர்னியாவில் அது நடக்கவே செய்கிறது, 2024 ஏப்ரலில் ஒரு மாலை கொஞ்ச நேரம் அந்த மாநில மின்கட்டமைப்புக்கு அதிக மின்சாரம் கொடுத்தவை பேட்டரிகள்தான்.

எனக்குக் கவலை தருவது பாகிஸ்தான். மின்கட்டணம் தாங்காமல் மக்கள் தாங்களாகவே சீனத் தகடுகளை வாங்கிக் குவித்தார்கள், 2024இல் மட்டும் இறக்குமதி ஏறக்குறைய 17 கிகாவாட், இப்போது அதோடு பேட்டரியும் சேர்கிறது. வசதியுள்ளவன் இப்படிக் கழன்றுகொண்டால் மின்நிலையங்களுக்குக் கட்டவேண்டிய நிலையான செலவெல்லாம் மிச்சமிருப்பவர்கள் தலையில் விழும், கட்டணம் ஏறும், ஏறினால் இன்னும் சிலர் கழன்றுகொள்வார்கள். மொட்டைமாடி சொந்தமாக இல்லாத வாடகைக்காரரும் அடுக்குமாடிக்காரரும் என்ன செய்வார்கள்? பேட்டரியைத் தெருவுக்குப் பொதுவாக, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே மின்வாரியம் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. வீட்டுக்கு வீடு போர்வெல் போட்டு நிலத்தடி நீரை நாம் என்ன செய்தோம் என்று தெரியும்தானே.

அப்புறம், உப்பு பேட்டரி வீடியோ ஒன்றும் உங்களிடம் வந்திருக்கும். உப்பிலிருக்கும் சோடியத்தில் ஓடும் சோடியம் அயனி பேட்டரி அது, உண்மையான சரக்குதான், லித்தியமே வேண்டாம், தாமிரத் தகட்டுக்குப் பதில் அலுமினியம் போதும், குளிரையும் தாங்கும். ஆனால் 2023இல் லித்தியம் விலை சரிந்ததும் அதன் மலிவு என்ற பெருமை அடிபட்டது. அமெரிக்காவில் அதை நம்பித் தொடங்கிய நேட்ரான் நிறுவனம் 2025இல் மூடியே விட்டது. சீனாவின் பேட்டரி நிறுவனம் சிஏடிஎல் விடாமல் செய்துகொண்டிருக்கிறது, பார்ப்போம்.

உங்கள் பையன்களுக்கு இதில் வேலை இருக்கிறது. மின்ஸ்கூட்டரின் பேட்டரி பேக்கில் ஒரு செல் வரிசை பலவீனமானால் கட்டுப்பாட்டு போர்டு பேக் முழுவதையும் நிறுத்திவிடும். மற்ற செல்கள் நன்றாக இருந்தாலும் கடைக்காரர் முழு பேக்கையும் மாற்றச் சொல்வார். பிரித்துச் சோதித்து, கெட்டதை மட்டும் மாற்றத் தெரிந்தவர்கள் நம்மூரில் குறைவு. பழைய பேக் ஒன்று வாங்கி ஆய்வகத்தில் வையுங்கள். ஒன்று மட்டும், 48 வோல்ட்தானே என்று வெறுங்கையோடு திறக்க விடாதீர்கள். ஷாக் அடிக்காவிட்டாலும் ஸ்பேனர் இரு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் தீப்பிடிக்கும்.