முயல் குட்டிக்கு நாய் ஊசி போடலாமா?

கேள்வி: ஏற்காடு நாகலூரில் காபித் தோட்டத்தை ஒட்டிய வீடு எங்களுடையது. பிள்ளைகளுக்காக ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கினோம். ஏழு குட்டி போட்டது. தாயிடமிருந்து பிரித்த இரண்டே வாரத்தில் மூன்று குட்டி வயிறு உப்பி, கழிந்து செத்துவிட்டன. பலகைக் கூண்டு, உள்ளே சாக்கு விரித்திருக்கிறோம். 'தடுப்பூசி போடாததுதான் காரணம், நாய்க்குட்டி ஊசியில் பாதி போடுங்கள்' என்கிறார் முயல் விற்றவர். எப்போது போடலாம்?

பதில்: ஐயா, அந்த ஊசியைப் போடவே வேண்டாம். அது டிஸ்டெம்பர், பார்வோ போன்ற நாய் நோய்களுக்கானது. பாதி போட்டாலும் முழுதும் போட்டாலும் முயலுக்கு ஒரு பாதுகாப்பும் தராது. பதறிப்போய் நிற்பவரிடம் இப்படிச் சொல்லிக் காசு பார்ப்பது மோசடி.

முயலுக்கென்றே தடுப்பூசி உண்டு. பிரிட்டனில் மிக்ஸோமடோசிஸ், வைரஸ் ரத்தக்கசிவு நோய் இரண்டுக்கும் சேர்த்து ஐந்து வார வயதிலிருந்து போடுகிறார்கள். ஆண்டுக்கொருமுறை திரும்பப் போட வேண்டும். 1984-இல் சீனாவில் தெரியவந்த ரத்தக்கசிவு நோயில் வளர்ந்த முயல்தான் திடீரென்று சாகும், சின்னக் குட்டி பெரும்பாலும் தப்பும். 2010-இல் பிரான்சில் வந்த புது வகை குட்டியையும் விடுவதில்லை. உங்கள் வீட்டிலோ தாயும் கடாவும் நன்றாக இருக்க, பால் மறந்த குட்டி மட்டும் உப்பிக் கழிந்து சாகிறது. காக்சிடியா என்னும் நுண் ஒட்டுண்ணியால் வரும் ரத்தக் கழிச்சல் என்றே சந்தேகிக்கிறேன். அதற்கு முயலுக்குத் தடுப்பூசி கிடையாது.

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சாக்குதான் எனக்குக் கவலை. புழுக்கையோடு வெளிவரும் காக்சிடியா முட்டை உடனே நோய் தராது. ஈரத்தில் ஓரிரு நாள் கிடந்து முதிர்ந்த பிறகே தரும். ஏற்காட்டு மூடுபனியில் மூத்திரம் ஊறிய சாக்கு எங்கே காயும்? ஃபினாயிலுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் அந்த முட்டை சாகாது. கொதிநீர் வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பு.

சாக்கைக் கொளுத்திவிட்டு, அடியில் அரை அங்குலக் கண் கம்பிவலை அடியுங்கள். கண் பெரிதானால் குட்டியின் கால் சிக்கும், சிறிதானால் புழுக்கை தங்கும். கூண்டு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். உள்ளங்கால் புண்ணாகாதிருக்க மூலையில் ஒரு சாண் அகலப் பலகை போடுங்கள். இரண்டு பலகை வைத்துக்கொண்டு தினமும் மாற்றி, எடுத்ததைக் கொதிநீர் ஊற்றிக் காயவையுங்கள். விழுந்த புழுக்கையை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். வாரம் ஒருமுறை முயலை வெளியே எடுத்துவிட்டு வலையைத் தீ பீய்ச்சும் பிளேம் கன்னால் சுட்டுவிடுங்கள். புல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். பனி ஈரத்தோடு அறுத்ததை வாட்டாமல் போடாதீர்கள். இத்தனையும் செய்யாமல் மருந்து மட்டும் கொடுத்தால் பத்து நாளில் மறுபடி கழியும்.

மீதி நான்கையும் காப்பாற்ற இன்றே புதுப் புழுக்கையைச் சுத்தமான டப்பாவில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. குட்டிகளைச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டு போங்கள். இன்னொன்று செத்தால் ஃப்ரீசரில் வைக்காமல் ஐஸ் பெட்டியில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் செல்லுங்கள். ஈரலில் வெள்ளை மஞ்சள் கட்டிகள் இருந்தால் ஈரல் காக்சிடியா.

கழிச்சல் என்று மருந்துக் கடையில் அமாக்ஸிசிலின் சிரப் வாங்கிவிடாதீர்கள். வாய்வழியே கொடுத்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் செத்து, குட்டியும் சாகும். உண்ணிக்கென்று விற்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயும் முயலுக்கு விஷம்.

பிழைக்கும் குட்டியும், நோயே காட்டாத தாயும் முட்டையை வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கும். அடுத்த ஈற்றுக்கு முன்பே தாயைக் கம்பிவலைக் கூண்டுக்கு மாற்றிவிடுங்கள்.