மேனேஜ்மென்ட் கோட்டா ஹார்வர்டிலும் உண்டு

அமெரிக்கக் கல்லூரிகளில் நிறத்தையும் பணத்தையும் சுற்றி நடக்கும் சண்டை பற்றி ஐந்து கடிதங்கள் சேர்ந்துவிட்டன. எண்பதுகளில் அங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் குப்பை கொட்டியவன் என்பதால், ஆசிரியர் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார்.

திருச்சி வாசகர்: ஹார்வர்டு வழக்கில் ஆசியர்கள் ஜெயித்துவிட்டார்களாமே? பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு இனி அங்கே இடம் கிடைப்பது சுலபமா?

சேர்க்கையில் இனம் பார்த்து ஆசியப் பிள்ளைகளை ஹார்வர்டு ஒதுக்குகிறது என்பதுதான் வழக்கு. அதில் ஆசியர் என்றால் அமெரிக்காவிலேயே வாழும் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகள். திருச்சியிலிருந்து மனுப் போடும் உங்கள் மகள் அந்தப் பட்டியலிலேயே வரமாட்டார். வெளிநாட்டு மாணவர் என்று தனிக் கணக்கு. அதனால் பட்டாசு வாங்கிவிடாதீர்கள். மனுப் போடும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைக்காத கல்லூரி அது.

வழக்கை நடத்தியது எட்வர்டு ப்ளம் என்பவர் ஆரம்பித்த அமைப்பு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மீது ஒரு வெள்ளைக்கார மாணவிக்காக வழக்கு நடத்தியவரும் இவர்தான். அது 2016-ல் தோற்றது. ஹார்வர்டு வழக்குக்கு ஆசிய முகங்கள் தேவைப்பட்டன, கிடைத்தன.

அதற்காக ஆசியப் பிள்ளைகளின் குறை பொய் என்று சொல்லமாட்டேன். மார்க்கில் முன்னால் நின்றவர்களுக்குக் குணநலன் மதிப்பெண் மட்டும் குறைவாக விழுந்திருந்தது விசாரணையில் தெரிந்தது. நேரில் பார்த்துப் பழகாத பிள்ளையின் குணம் ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரிந்ததோ! கீழ்க் கோர்ட் இதில் பாகுபாடு இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 29 அன்று, சேர்க்கையில் இனம் பார்ப்பதையே நிறுத்தச் சொல்லிவிட்டது. மறு வருடம் மாசசூசெட்ஸின் எம்.ஐ.டி.யில் கறுப்பின மாணவர் பங்கு 13 சதவீதத்திலிருந்து 5-க்கு விழுந்தது, ஆசியர் 47 சதவீதம் ஆனார்கள். ஆனால் யேல் பல்கலைக்கழகத்தில் கறுப்பினத்தவர் 14-லேயே நிற்க, ஆசியர்கள்தான் 30-லிருந்து 24-க்கு இறங்கினார்கள். ஜெயித்தவர்கள் எதைக் கொண்டாடினார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மதுரை வாசகர்: அங்கே இருந்ததும் நம் ஊர் இடஒதுக்கீடு மாதிரிதானே?

இல்லை. எண்ணி ஒதுக்கும் முறை அங்கே 1978-லேயே முடிந்துவிட்டது. கலிபோர்னியாவில் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16-ஐ ஒதுக்கி வைத்திருந்தது. முப்பது வயது தாண்டிய ஆலன் பாக்கி என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் இரண்டு முறை இடம் கிடைக்காமல் கோர்ட்டுக்குப் போனார். எண்ணிக்கை செல்லாது, பல விஷயங்களில் ஒன்றாக இனத்தையும் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அப்படிப் பார்ப்பதற்கு நல்ல உதாரணமாக நீதிபதி பவல் காட்டிய கல்லூரி எது தெரியுமா? ஹார்வர்டு! 45 வருடம் கழித்து அதே கோர்ட் அதே ஹார்வர்டைக் குற்றவாளி ஆக்கியது. பாக்கி படித்து முடித்து மயக்க மருந்து டாக்டர் ஆனார்.

நம்மிடம் 1951-ல் சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணை கோர்ட்டில் விழுந்ததும், அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். அங்கே அப்படித் திருத்த யாரும் வரவில்லை.

பொள்ளாச்சி வாசகி: நிறத்தை விட்டுவிட்டு ஏழையா, பணக்காரரா என்று மட்டும் பார்த்தால் சண்டை தீர்ந்துவிடாதா ஐயா?

அம்மா, இதற்கு என் பாத்திரம் கழுவிய கதையைச் சொல்ல வேண்டும். 1984-ல் ஹாஸ்டல் சமையலறையில் மணிக்கு மூன்று டாலர் முப்பத்தைந்து சென்ட் கூலிக்குத் தட்டுக் கழுவினேன். கூட இரண்டு பேர். ஒருவன் வெள்ளைக்காரன், அப்பாவின் பண்ணையை வங்கி ஏலம் விட்டிருந்தது. குளிர்காலம் முழுக்க ஒரே கோட்டு. இன்னொருவன் டெட்ராய்டிலிருந்து வந்த கறுப்பினப் பையன். அப்பாவுக்குக் கார் தொழிற்சாலையில் சம்பளம் வந்துகொண்டிருந்தது. மூவரில் கொஞ்சம் வசதி அவனுக்குத்தான். சனிக்கிழமை பீட்சா அவன் செலவு.

இரவு பதினொன்றுக்கு வேலை முடிந்து மூன்று பேரும் சேர்ந்து நடப்போம். வளாகக் காவலர் வண்டி பக்கத்தில் வந்து நிற்கும். அடையாள அட்டை கேட்பது டெட்ராய்டுக்காரனிடம் மட்டும்தான். அந்த வருடத்தில் நான் எண்ணியது ஆறு தடவை. அவன் அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான், பேன்ட் பைக்குள் கையை விடமாட்டான். ஏன் என்று கேட்டேன். "கையை உள்ளே விட்டால் அவர்களும் விடுவார்கள்" என்றான். அவர்கள் கை எங்கே போகும் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. பண்ணைக்காரப் பையனை யாரும் எதுவும் கேட்டதில்லை. என்னையும் கேட்டதில்லை. மாநிறம்தான், ஆனால் வாயைத் திறந்தாலே வெளிநாட்டுப் படிப்பாளி என்று தெரிந்துவிடுமே!

ஏழ்மையை மட்டும் பார்க்கும் அளவுகோலில் டெட்ராய்டுக்காரன் வரமாட்டான். நிறத்தை மட்டும் பார்த்தால் பண்ணைக்காரன் வரமாட்டான். இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும். சரி, அந்தக் கல்லூரிகள் பணத்தைப் பார்க்கவே இல்லையா என்றால், நன்றாகவே பார்த்தன, வேறு பக்கமாக. ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞரின் பெற்றோர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவருடைய குழு 2017-ல் காட்டிய கணக்கு இது: 38 கல்லூரிகளில், நாட்டின் முதல் ஒரு சதவீதப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள், கீழே உள்ள 60 சதவீத வீட்டுப் பிள்ளைகளைவிட அதிகமாகப் படிக்கிறார்கள்.

எப்படி நுழைகிறார்கள்? வழக்கினால் வெளியே வந்த ஹார்வர்டு கோப்புகளில் பதில் இருக்கிறது. இடம் பிடித்த வெள்ளையரில் 43 சதவீதம் பேர் விளையாட்டு வீரர்கள், பழைய மாணவரின் பிள்ளைகள், ஊழியரின் பிள்ளைகள், அல்லது நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகள் அடங்கிய டீனின் தனிப் பட்டியலில் இருந்தவர்கள். இவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு, பொது வரிசையில் நின்றிருந்தால் இடம் கிடைத்திருக்காது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். விளையாட்டு என்றதும் கூடைப்பந்தை நினைக்காதீர்கள். துடுப்புப் படகு, வாள்வீச்சு, பாய்மரப் படகு எல்லாம் அதில் சேர்த்தி. பாய்மரப் படகு உள்ள ஏழை வீடு எது?

நம் ஊரில் இதற்கு மேனேஜ்மென்ட் கோட்டா என்று வெளிப்படையாகப் பெயராவது உண்டு. அங்கே 'லெகசி', அதாவது பரம்பரைச் சொத்து என்கிறார்கள். கறுப்பினப் பையன் ஒருவன் உள்ளே வந்தால் 'இவன் தகுதியில் வந்தவனா?' என்று வகுப்பே கேட்கும். தாத்தா பெயரில் கட்டடம் இருக்கும் பையனிடம் அதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தீர்ப்பிலும் அந்த வாசல் மூடப்படவில்லை.

சேலம் வாசகர்: படிக்கப் போன இடத்தில் எதற்குப் போராட்டம்? எதையாவது சாதித்திருக்கிறார்களா?

2015-ல் மிசௌரி பல்கலைக்கழகத்தில், இனவெறிச் சம்பவங்களைத் தலைவர் கண்டுகொள்ளவில்லை என்று ஒரு மாணவர் நவம்பர் 2-ஆம் தேதி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். போராடிய குழு தன் பெயரில் 1950 என்ற எண்ணைச் சேர்த்துக்கொண்டது. கறுப்பினத்தவரை அங்கே முதன்முதலில் சேர்த்த ஆண்டு அது. உண்ணாவிரதத்தால் நாற்காலி அசையவில்லை. 7-ஆம் தேதி கால்பந்து அணியின் கறுப்பின வீரர்கள், தலைவர் போகும்வரை ஆடமாட்டோம் என்றார்கள். அடுத்த ஆட்டம் நின்றால் பல்கலைக்கழகத்துக்குப் பத்து லட்சம் டாலர் தண்டம். 9-ஆம் தேதி தலைவர் ராஜினாமா. பட்டினி கிடந்த பிள்ளைக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று அவ்வப்போது யோசிப்பேன்.

நாகர்கோவில் வாசகி: நிறவெறி பற்றி இவ்வளவு பேசுகிறோம். அங்கே போன நம்மவர்கள் ஜாதியை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டார்களா?

செக்-இன் பெட்டியில் போட்டு எடுத்துப் போனோம். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-லும், அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-லும் பாகுபாட்டுத் தடை விதியில் ஜாதியைச் சேர்த்தன. இரண்டாவது இடத்தில் அதை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் இந்திய வம்சாவளிப் பேராசிரியர்களும் இருந்தார்கள்.

என் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் சாம்பார் சாதம் கிடைக்கும். ஆறு நாள் பிரெட் தின்றவனுக்கு அது சொர்க்கம். முதல் முறை போனபோது அந்த வீட்டு மாமா அன்பாகத்தான் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊர்?" சொன்னேன். "ஊரில் எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். அடுத்த ஞாயிறு முதல் நான் ஹாஸ்டலிலேயே சாப்பிட்டேன்.