நூறு ரூபாய் பத்திரத்தை நம்பி இருக்காதீர்கள்

கேள்வி: கோவையில் நண்பரும் நானும் பம்ப் உதிரிபாகம் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறோம். அவருக்கு 60 சதவீத ஷேர், எனக்கு 40. மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் முதல் லேத் வாங்கினேன். ஆயுள் முழுக்க இருவரும் டைரக்டர், ஷேரை விற்றால் முதலில் மற்றவருக்கே என்று 100 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கம்பெனி பேங்கில் வாங்கிய சிசி லோனுக்கு நானும் கேரண்டி போட்டிருக்கிறேன். இப்போது என்னை டைரக்டர் பதவியிலிருந்து நீக்கக் கூட்டம் போடுவதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. மைத்துனருக்கு ஷேர் கொடுக்கப் போகிறாராம். இது துரோகம் இல்லையா?

பதில்: நகையையும் நட்பையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள். பத்திரத்தில் எழுதியது கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸில், அதாவது அதன் உள் விதிகளில், இருக்கிறதா? நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். சட்டத்தில் உள்ள மாதிரி விதிகளை, டேபிள் எஃப்-ஐ, ஆடிட்டர் அப்படியே போட்டிருக்கிறார். உங்கள் இரண்டு நிபந்தனையும் அதில் இல்லை. ஷேர் விற்பனைக்கான கட்டுப்பாடு ஆர்ட்டிகிள்ஸில் இல்லையென்றால் அது கம்பெனியையோ பங்குதாரரையோ கட்டுப்படுத்தாது என்று வி.பி. ரங்கராஜ் வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்திரத்தை வைத்து நண்பர் மேல் நஷ்ட ஈடு கேட்கலாம். அதற்கு வருடக்கணக்கில் அலைய வேண்டும்.

டைரக்டரை நீக்கச் சாதாரணத் தீர்மானம், அதாவது பாதிக்கு மேல் ஓட்டு, போதும், அதற்கு அவருடைய 60 போதும். கூட்டத்தில் உங்கள் தரப்பைச் சொல்ல கம்பெனிகள் சட்டத்தின் 169-ஆம் பிரிவு உரிமை தருகிறது, சொல்லுங்கள். ஓட்டு மாறாது.

நான் பயப்படுவது அதற்கு அப்புறம் வருவதை. ஆர்ட்டிகிள்ஸை மாற்ற 75 சதவீத ஓட்டு வேண்டும் என்பதால் உங்கள் 40-ஐ மீறி அவரால் அதைத் தொட முடியாது. ஆனால் மெமோரண்டம் என்ற அடிப்படை ஆவணத்தில் உள்ள மூலதன உச்சவரம்பை உயர்த்த சாதாரணத் தீர்மானம் போதும். உயர்த்திவிட்டு ரைட்ஸ் இஷ்யூ கடிதம், அதாவது இருக்கும் ஷேரின் விகிதத்தில் புது ஷேர் வாங்கச் சொல்லும் கடிதம், அனுப்புவார். கம்பெனியின் மூலதனம் 10 லட்சம், உங்களுடையது 4 லட்சம். புதிதாக 90 லட்சத்துக்கு ஷேர் வெளியிட்டால் உங்கள் பங்குக்கு 36 லட்சம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மிச்சத்தையும் அவர் பக்கமே எடுத்துக்கொள்ளும், உங்கள் 40 சதவீதம் 4 ஆகிவிடும். அந்தக் கடிதத்தில் குறைந்தது 7 நாள் அவகாசம் இருக்கும். கோபத்தில் உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாங்கிப் படித்து, பணம் எதற்கு என்று கேட்டு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். உங்களை ஒதுக்குவதற்காகவே வெளியிட்டது என்று காட்ட முடிந்தால்தான் பங்குதாரரை ஒடுக்குவதற்கு எதிரான 241-ஆம் பிரிவில் கம்பெனி தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் நிற்க முடியும். டைரக்டர் பதவி போனதை மட்டும் சொன்னால் அங்கே எடுபடாது. டாடா–மிஸ்திரி வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்ன தீர்ப்பை எதிர்த்தரப்பு முதல் நாளே நீட்டும்.

இன்னொன்று, நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன சிசி லோன், அதாவது தொழில் நடத்த பேங்க் தரும் கேஷ் கிரெடிட் கடன். அதற்கு நீங்கள் சொந்தப் பொறுப்பில் கொடுத்த பர்சனல் கேரண்டி டைரக்டர் பதவியோடு போகாது. அவர் கம்பெனியை நடத்துவார், கடன் நின்றால் பேங்க் உங்கள் வீட்டுக்கு வரும்.

அதனால் சமரசம் பேசுங்கள். இன்று உங்கள் 40-க்கு மதிப்பு இருக்கிறது, ரைட்ஸ் இஷ்யூவுக்குப் பிறகு இருக்காது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வைத்து ஷேருக்கு விலை போட்டு அவருக்கே விற்றுவிடுங்கள். கேரண்டியிலிருந்து உங்களை விடுவித்ததாக பேங்க் எழுத்தில் தரும்வரை ஷேர் மாற்றுப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.