வீட்டு மராமத்துக்கு கான்ட்ராக்டர் 'சதுர அடிக்கு இவ்வளவு' என்கிறார். சம்மதிப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

நீங்கள் எழுதியிருப்பது: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம், கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் 900 சதுர அடி கான்கிரீட் வீடு, 25 வருடப் பழசு. சீலிங் பெயர்ந்து கம்பி தெரிகிறது, சுவர்ப்பூச்சு பொரிந்துவிட்டது. கான்ட்ராக்டர் ஒரு ரேட் சொல்லி 900-ஆல் பெருக்கித் தொகை கொடுத்துவிட்டார்.

இப்போதைக்குச் சரி சொல்லாதீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்பதில்லை. தரைப் பரப்பை வைத்து ரேட் பேசுவது புது வீட்டுக்கான வழக்கம், மராமத்துக்கு அது ஒத்துவராது. 10-க்கு 12 அறையை எடுத்துக்கொள்ளுங்கள். தரை 120 சதுர அடி. பத்தடி உயரம் என்றால் உள்சுவர் மட்டும் 440. பூச்சு முழுக்கக் கொத்த வேண்டிய வீட்டுக்கும் பெயிண்ட் மட்டும் அடிக்கிற வீட்டுக்கும் தரை அதே 120-தான். இப்படிப் போட்ட தொகையில் ஒன்று, பயந்துகொண்டு கூடுதலாகச் சேர்த்திருப்பார். இல்லையென்றால் குறைத்துப் போட்டுவிட்டுப் பாதியில் 'எக்ஸ்ட்ரா' கேட்பார்.

வேலையை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து அளக்க முடிகிற வேலைக்கு (பூச்சு, டைல்ஸ், பெயிண்ட், பிளம்பிங்) மொத்தத் தொகை. உடைத்தால்தான் தெரிகிற வேலைக்கு ரேட் மட்டும். அளவை, வேலை முடிந்தபின் இருவரும் சேர்ந்து டேப் பிடித்து எடுப்பது. உங்கள் வீட்டில் அந்த இரண்டாவது வகை சீலிங்.

சீலிங்குக்கு 'பேட்ச் வொர்க்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த ரேட்டுக்குள் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்க வேண்டும். முதலில் தளத்தைத் தாங்கிப்பிடிக்க ஜாக்கி முட்டு. பிறகு சுத்தியலால் தட்டி, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வரும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுவது; தெரிகிற ஓட்டையைப் போல இரண்டு மூன்று மடங்கு வந்தாலும் ஆச்சரியமில்லை. கம்பியின் அடிப்பக்கம் மட்டும் கொத்தினால் போதாது, கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவு, ஏறக்குறைய 20 எம்எம், கான்கிரீட்டை எடுக்க வேண்டும். துருவை வயர் பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, கம்பிக்கு ஜிங்க் பிரைமர் அடித்து, பழைய கான்கிரீட்டில் பாண்டிங் கோட் (புதுக் கலவை ஒட்டிப் பிடிப்பதற்கான பூச்சு) பூசி, அது காய்வதற்குள் பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். குறைந்த ரேட் கொடுப்பவர் இதில் பாதியை விட்டுவிட்டு வெறும் சிமெண்ட் கலவையை அப்பிவிடுவார். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே துரு இருந்தால் மேலே அப்பியதைத் தள்ளி விழ வைத்துவிடும்.

கம்பி மாற்றுவதற்குத் தனி ரேட், கிலோ கணக்கில். தேய்ந்த கம்பியின் கனத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். 10 எம்எம் கம்பி 8 எம்எம் ஆகியிருந்தால் அதன் பலத்தில் 36 சதவீதம் போய்விட்டது. பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்காமல் மூடக் கூடாது. பில்லைச் சரிபார்க்க: 12 மீட்டர் நீளக் கம்பி, 8 எம்எம் என்றால் 4.7 கிலோ, 10 எம்எம் என்றால் 7.4 கிலோ. பெரும்பாலான கம்பிகள் இப்படித் தேய்ந்திருந்தால் ரிப்பேர் ரேட்டே பேச வேண்டாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டுங்கள், தளத்தையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

அடுத்தது தண்ணீர். நம் கடற்கரையில் இது எஸ்டிமேட்டில் எழுதப்படாமலே போகிற செலவு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு, அதாவது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. உவர்க் கிணற்றுத் தண்ணீர் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். டெஸ்ட் செய்யாமல் கிணற்று மோட்டாரைப் போட விடாதீர்கள். டேங்கர் தண்ணீர் யார் செலவு? கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் சுற்றித்தான் ஆகும், அது பெரிய காசில்லை. தண்ணீரைக் குடிப்பது க்யூரிங், அதாவது போட்ட கலவையை நாள்கணக்கில் நனைத்து வைப்பது. பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும், அதுவும் உவர்த் தண்ணீரில் கூடாது. க்யூரிங் யார் வேலை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் அது வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

பூச்சு அளவில் தகராறு வருவது கதவு, ஜன்னல் கழிப்பில். கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1200 முறைப்படி 0.5 சதுர மீட்டர் வரை உள்ள திறப்பைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரண்டு பக்கமும் பூசினால், ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். 3-க்கு 7 கதவு, 21 சதுர அடி, இந்த இரண்டாவது வகை. மேஸ்திரி வேறு வழக்கம் சொன்னாலும் சொல்லட்டும், எது என்று வேலைக்கு முன்பே முடிவாகட்டும். 12 எம்எம் கனத்தில் 1:5 கலவை (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஐந்து) என்றால் 100 சதுர அடிக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். ஒன்றரை மூட்டை போட்டிருந்தால் காரணம் கேளுங்கள். சுவர் கோணலாக இருந்தால் அது நியாயமான பதிலாகவும் இருக்கலாம்.

'கூலி மட்டுமா, மெட்டீரியலோடவா' என்ற கேள்விக்குள்ளும் நிறைய ஒளிந்திருக்கிறது. சாரம் யாருடையது? இடித்த கழிவை அள்ளிப் போட லாரி யார் பிடிப்பது? எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்) ரேட் வாசலில் இறக்கியா, கிரஷரிலா? யூனிட் என்றால் 100 கன அடி. லாரி வந்ததும் தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை அளந்துகொள்ளுங்கள். சொன்ன தொகையில் ஜிஎஸ்டி அடக்கமா என்றும் கேளுங்கள். சிமெண்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, பழைய எஸ்டிமேட்டைத் தூசி தட்டிக் கொடுத்தால் இதில் தெரிந்துவிடும்.

அட்வான்ஸ் பத்து, பதினைந்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். மீதியைத் தேதி வைத்துக் கொடுக்காமல், வேலை முடிந்த கட்டத்துக்குக் கொடுங்கள். மொட்டை மாடி ஒழுகல் வேலையும் இருந்தால் ஐந்து சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை மழை முடியும் வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். முறைப்பார், ஆனால் வேலையில் நம்பிக்கை உள்ளவர் ஒத்துக்கொள்வார். கழற்றுகிற பழைய கதவு நிலை, ஜன்னல், கம்பி யாருக்கு என்பதையும் அதே தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.