கிளிமஞ்சாரோ ஏறப் போகிறீர்களா? உங்கள் கேள்விகளும் பதில்களும்

தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோவின் உச்சியான உஹுரு, 5,895 மீட்டர். கயிறு, பனிக்கோடாரி எதுவும் தேவையில்லை, நடந்தே ஏறலாம். ஆனால் உரிமம் பெற்ற கைடு இல்லாமல் பூங்காவுக்குள் விட மாட்டார்கள். திட்டமிடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சென்னையிலிருந்து: அக்கா, மரங்கு வழி 5 நாள் பேக்கேஜ்தான் இருக்கறதுலயே மலிவு. டென்ட் இல்லாம குடிலில் படுக்கை வேற. அதையே எடுத்துடலாமா?

எடுக்காதீர்கள். மரங்குவில் முதல் இரவு மந்தாரா (2,720 மீ), இரண்டாம் இரவு ஹொரொம்போ (3,720 மீ), மூன்றாம் இரவு கிபோ (சுமார் 4,720 மீ). நாளுக்கு ஆயிரம் மீட்டர் கணக்கு. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. இந்த 5 நாள் திட்டம் அதை இரண்டு மடங்கு மீறுகிறது. மரங்குதான் வேண்டும் என்றால் ஹொரொம்போவில் கூடுதலாக ஓர் இரவு தங்கும் 6 நாள் திட்டத்தை எடுங்கள்.

என் தேர்வு மச்சாமே வழியில் 7 நாள், இல்லாவிட்டால் லெமோஷோ வழியில் 8 நாள். மச்சாமேயின் இரண்டாம் நாளும் ஆயிரம் மீட்டர் ஏற்றம்தான் (2,835இலிருந்து ஷிரா கேம்ப்பின் 3,840க்கு), அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த நாள் லாவா டவர் (சுமார் 4,600 மீ) வரை ஏறி, அங்கே மதிய உணவை முடித்துவிட்டு, பரான்கோ கேம்ப் (சுமார் 3,960 மீ) வரை இறங்கித் தூங்குகிறீர்கள். உடம்புக்கு உயரத்தைக் காட்டிவிட்டுக் கீழே வந்து படுப்பது: மச்சாமேயின் பலமே இதுதான். அதன் பிறகு கரங்கா கேம்ப் (சுமார் 4,000 மீ), பராஃபு கேம்ப் (சுமார் 4,670 மீ), அங்கிருந்து நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்புவீர்கள்.

மச்சாமேயிலும் 6 நாள் திட்டம் விற்கிறார்கள். அதில் வெட்டப்படுவது கரங்கா. பரான்கோவிலிருந்து நேரே பராஃபுவுக்கு நடந்து, மாலையில் போய்ச் சேர்ந்து, நாலைந்து மணி நேரம் புரண்டு படுத்துவிட்டு, உடனே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். பணத்தை எங்கே வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், நாளில் மட்டும் பிடிக்காதீர்கள்.

மதுரை: ஒரே 7 நாள் மச்சாமேக்கு ஒருத்தர் 1,200 டாலர் சொல்றார், இன்னொருத்தர் 2,200 சொல்றார். எது நியாயம்?

பூங்காவுக்குக் கட்டும் தொகையை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டவருக்கு நாளுக்கு 70 டாலர் நுழைவு, 7 நாளுக்கு 490. கேம்ப் கட்டணம் இரவுக்கு 50, 6 இரவுக்கு 300. மீட்புக் கட்டணம் 20. ஆக 810. அதன் மேல் 18 சதவீத வாட் சேர்த்தால் சுமார் 956 டாலர். இந்தக் கட்டணங்கள் அவ்வப்போது மாறும், அதனால் பதிவு செய்யும்போது நடப்புத் தொகையைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் கணக்கின் அமைப்பு இதுதான்.

1,200இல் 956 போனால் மிச்சம் 244. அதில்தான் 7 நாள் சாப்பாடு, விமான நிலைய வண்டி, ஹோட்டல், டென்ட், கைடு, சமையல்காரர், ஒரு பயணிக்கு மூன்று நான்கு போர்ட்டர் கூலி, நிறுவனத்தின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. அடிபடுவது போர்ட்டரின் கூலியும் சாப்பாடும்தான். நியாயமாக நடத்தும் குழு 1,800க்குக் கீழே போவது கடினம்.

கேட்க வேண்டியது: போர்ட்டருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு, மலையில் எத்தனை வேளை சாப்பாடு, அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், போர்ட்டர்களின் நலனைக் கவனிக்கும் கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் புராஜெக்ட் அமைப்பில் உங்கள் நிறுவனம் கூட்டாளியா. மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். ஒரு போர்ட்டர் மொத்தம் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பூங்கா விதி. அவருடைய சொந்தச் சாமான் போக உங்கள் பைக்கு 15 கிலோதான். வாசலில் நிறுத்து எடை போடுவார்கள்.

டிப்ஸ் தனி. ஒரு பயணி மொத்தமாக 250 முதல் 350 டாலர் ஒதுக்குவது வழக்கம். 2006க்கு முன் அச்சான டாலர் நோட்டு, கிழிந்தது, பேனாக் கிறுக்கல் உள்ளது எதையும் அங்கே வாங்க மாட்டார்கள். சில்லறை நோட்டாகக் கொண்டுபோங்கள்.

கோவை: வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏறுறேன். அந்தப் பழக்கம் போதுமா?

காலுக்குப் போதும், நுரையீரலுக்கு உதவாது. தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். மச்சாமேயில் முதல் நாள் இரவு படுக்கும் கேம்ப்பே அதைவிட உயரம். ஆக, ஊரில் இருந்தபடி உயரத்துக்கு உடம்பைப் பழக்க வழியே கிடையாது. மாரத்தான் ஓடுகிறவரும் தலைவலியோடு திரும்புவார், தொப்பை வைத்தவர் உச்சி தொடுவார். யார் மெதுவாக நடக்கிறார் என்பதுதான் கணக்கு. அங்கே கைடுகள் நாள் முழுக்க "போலே போலே" என்பார்கள், மெதுவாக மெதுவாக என்று. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

வெள்ளியங்கிரியின் உண்மையான பயன் இறக்கத்தில் இருக்கிறது. உச்சி நாளில் 5,895இலிருந்து ம்வெகா கேம்ப் (சுமார் 3,100 மீ) வரை ஒரே நாளில் 2,800 மீட்டர் இறங்க வேண்டும். அதுவும் இரவெல்லாம் ஏறிய காலோடு. முட்டி அங்கேதான் போகும். கடைசி மூன்று மாதம் வாரம் இருமுறை, 7 கிலோ பையோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்கும்போது லிஃப்டைத் தொடாதீர்கள். கால் நகத்தைக் கிளம்பும் முன் ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் பூட்ஸ் கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டாவிட்டால் விரல் முன்னே போய் இடித்து நகம் கறுத்துவிடும்.

யாழ்ப்பாணம்: அக்கா, டயமாக்ஸ் மாத்திரை போட்டால் மலை வருத்தத்தின்ர அறிகுறியை மறைச்சுப் போடும் எண்டு சொல்லுகினம். உண்மையோ?

இல்லை. டயமாக்ஸில் இருக்கும் அசெட்டசோலமைட் என்ற மருந்து சிறுநீரில் பைகார்பனேட்டை வெளியேற்றுகிறது. ரத்தம் சற்று அமிலமாகி மூச்சு வேகமும் ஆழமும் கூடுகிறது. உடம்பு நாலைந்து நாளில் தானாகச் செய்வதைச் சீக்கிரம் செய்ய வைக்கிறது, அவ்வளவுதான். தலைவலி வந்தால் வந்ததாகவே தெரியும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். விரல் நுனியும் உதடும் மரத்து ஊசி குத்துவது போல இருக்கும், சோடா சப்பென்று இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும். இவை தெரிந்த பக்க விளைவுகள்தான். தூக்க மாத்திரையும் மதுவும் மலையில் வேண்டவே வேண்டாம்.

பெங்களூரு: சாதாரணத் தலைவலிக்கும் ஆபத்துக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

லாவா டவரில் தலை வலிக்காதவர்கள் குறைவு. தண்ணீர் குடித்து, ஒரு பாராசிட்டமால் போட்டு, பரான்கோவுக்கு இறங்கியதும் விட்டுவிட்டால் கவலையில்லை. தலைவலியோடு வாந்தி, தலைசுற்றல், எழவே முடியாத அசதி சேர்ந்தால் அது மலைநோய். அந்த நிலையில் ஒரு மீட்டர்கூட மேலே போகக் கூடாது. அங்கேயே தங்கியும் குறையவில்லை என்றால் இறங்க வேண்டும்.

மூளை வீங்குகிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. தரையில் ஒரு கோடு போட்டு, ஒரு குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி அடிமேல் அடி வைத்துப் பத்து எட்டு நடக்கச் சொல்லுங்கள். குடித்தவர் போலத் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, நேரம் பார்க்காமல் இறக்க வேண்டும், நள்ளிரவானாலும். நுரையீரலில் நீர் கோத்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், படுக்க முடியாது, இருமலில் இளஞ்சிவப்பாக நுரை வரும். இரண்டுக்கும் முதல் மருந்து இறக்கம்தான். ஆக்சிஜன் சிலிண்டர், டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் மருந்துகள் எல்லாம் இறங்குவதற்கு நேரம் வாங்கித் தருபவை. வண்டி போகிற இடம் வரை ஒற்றைச் சக்கர ஸ்ட்ரெச்சரில் உருட்டிக்கொண்டு போவார்கள்.

கைடு தினமும் மாலையில் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டுவார், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி. பராஃபு உயரத்தில் 75 முதல் 85 வரை காட்டினால் பதறாதீர்கள். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் குறைத்துக் காட்டும். எண்ணைவிட ஆளைப் பார்ப்பதுதான் முக்கியம். ராத்திரி தூக்கத்தில் மூச்சு சில விநாடி நின்று, பிறகு திடுக்கென்று இழுப்பதும் உயரத்தில் சகஜம். டென்ட்டில் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் பயந்துபோவார். ஒன்று மட்டும்: அறிகுறியைக் கைடிடம் மறைக்காதீர்கள். "இவ்வளவு செலவு பண்ணிட்டு வந்தோமே" என்று வாயை மூடிக்கொள்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

திருச்சி: உச்சி ராத்திரிக்கு என்ன உடுத்தணும்? எல்லாத்தையும் வாங்கணுமா?

கிளம்புவது இரவு 11 அல்லது 12 மணிக்கு. ஆறு முதல் எட்டு மணி நேர ஏற்றம். மைனஸ் 10 முதல் 20 வரை எதிர்பாருங்கள், காற்று அடித்தால் இன்னும் மோசம். மேலே தெர்மல், ஃப்ளீஸ், டவுன் ஜாக்கெட், காற்று மழை புகாத மேலுறை. கீழே தெர்மல், ஃப்ளீஸ் பேன்ட், மேலுறை. கைக்கு மெல்லிய க்ளவுஸ், அதன் மேல் விரல் பிரியாத தடித்த மிட்டன். ஜிப்பைத் திறக்க மிட்டனைக் கழற்றும்போது மெல்லியது கையில் இருக்க வேண்டும். வெறுங்கையை இரண்டு நிமிடம் நீட்டினால் சூடேற அரை மணி ஆகும்.

காலில் மூன்று சாக்ஸ் திணிப்பதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. பூட்ஸ் இறுகி ரத்தம் ஓடாமல் விரல் அதிகமாகக் குளிரும். ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், விரல் அசைய இடம்விடும் பூட்ஸ், போதும்.

தண்ணீர்ப் பையின் குழாய் முதல் அரை மணியிலேயே உறைந்துவிடும். அகலவாய் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, சாக்ஸுக்குள் நுழைத்து, தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேல்மட்டத்தில்தான் கட்டும். அதனால் நிமிர்த்தும்போது வாய்ப்பக்கம் திறந்திருக்கும். செல்போனையும் மாற்று பேட்டரியையும் உள்சட்டைப் பையில் வையுங்கள், இல்லாவிட்டால் சூரிய உதயத்தின்போது சார்ஜ் காலியாகியிருக்கும்.

டவுன் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், நடைக்கம்பு எல்லாம் மலையடிவார ஊரான மோஷியில் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்லீப்பிங் பேக்கில் 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், 'லிமிட்' எண்ணை அல்ல. பூட்ஸை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள். ஊரிலேயே வாங்கி, குறைந்தது இரண்டு மாதம் போட்டுப் பழக்கி, விமானத்தில் காலில் போட்டுக்கொண்டே போங்கள். பெட்டி தொலைந்தாலும் பூட்ஸ் இருக்கும்.

கும்பகோணம்: சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

தேவையில்லை. சோறு, சப்பாத்தி, பீன்ஸ் குழம்பு, கீரை, உருளைக்கிழங்கு, சூப், காலையில் கஞ்சி எல்லாம் அங்கே அன்றாடச் சாப்பாடு. முட்டை சேராது என்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். பராஃபு உயரத்தில் தண்ணீர் சுமார் 84 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. கடைசி இரண்டு நாள் சாப்பாடு சுமாராக இருப்பதற்குச் சமையல்காரர் காரணமல்ல. மேலே போகப்போகப் பசியும் அடங்கிவிடும். ஊறுகாய், பருப்புப் பொடி, பேரீச்சை, ஓஆர்எஸ் பாக்கெட் கொண்டுபோங்கள். கடலை மிட்டாய் உச்சிக் குளிரில் கல்லாகிவிடும், பல் பத்திரம்.

சேலம்: அக்கா, மலையில் மாதவிடாய் வந்தால் என்ன செய்வது? கழிப்பறை?

உயரமும் உழைப்பும் சேர்ந்து நாள் முன்பின் ஆகலாம், அதனால் தேதி எதுவானாலும் நாப்கின் எடுத்துப் போங்கள். பயன்படுத்தியதைக் கேம்ப்பில் போட முடியாது, இரட்டைக் கவரில் கட்டி உங்கள் குழுவின் குப்பையோடு கீழே வரும். கப் பழகியவர்களுக்குக் கை சுத்தம்தான் சிக்கல், சானிடைசரும் ஈரத் துடைப்பானும் வேண்டும். கேம்ப் கழிப்பறைகள் மோசம். தனிக் கழிப்பறை டென்ட்டைக் குழுவாகச் சேர்ந்து வாடகைக்கு எடுங்கள், செலவு பிரிந்துவிடும். ஒன்று கவனிக்க: தான்சானியாவில் 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் கேரிபேக் தடை. ஜிப் வைத்த கவர் அல்லது துணிப்பை எடுங்கள்.

கொழும்பு: எந்த மாதம்?

ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை, அல்லது ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. மார்ச் நடுவிலிருந்து மே வரை பெருமழை, நவம்பரில் சிறுமழை. மழைக்காலத்தில்தான் போக முடியும் என்றால் வடக்கிலிருந்து ஏறும் ரொங்காய் வழி, அந்தப் பக்கம் மழை குறைவு.

தூத்துக்குடி: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?

நீங்கள் போகும் விமானத்தைப் பொறுத்தது. நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தான்சானியாவில் சான்றிதழ் கேட்பார்கள். திரும்பும்போது இந்தியாவிலும் சிக்கல் வரலாம், சான்றிதழ் இல்லாதவரை 6 நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. அதனால் போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். மோஷி, அருஷா சமவெளியில் மலேரியா உண்டு, அதற்கான மாத்திரையையும் ஊசி போடும் மருத்துவரிடமே கேளுங்கள்.

ஈரோடு: அப்பாவுக்கு 62, சுகர் பிபி ரெண்டும் இருக்கு. கூட்டிட்டுப் போகலாமா? பையனுக்கு 9 வயசு.

பையனை உச்சிக்கு விட மாட்டார்கள், குறைந்தது 10 வயது ஆக வேண்டும். அப்பாவுக்கு வயது தடையில்லை. டிரெட்மில் சோதனை செய்து, இதய மருத்துவர் சரி சொன்ன பிறகு பணம் கட்டுங்கள். பிபி மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து இருந்தால், டயமாக்ஸும் சேரும்போது உப்பும் நீரும் குறையும், அதை அந்த மருத்துவரிடமே கேட்டுத் தீர்க்க வேண்டும். இன்சுலின் உறைந்தால் வீண், உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவி குளிரிலும் உயரத்திலும் தப்பாகக் காட்டலாம். இன்ஷூரன்ஸில் இந்த இரண்டு நோயையும் எழுதிக் கொடுங்கள், 6,000 மீட்டர் வரை நடைக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் பொருந்துமா என்று எழுத்தில் வாங்குங்கள். சாதாரணப் பயண பாலிசிகள் பலவும் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடும். அப்பாவுக்கென்று தனியாக ஒரு துணைக் கைடு கேளுங்கள். உச்சிக்குச் சற்று முன்னால் வரும் ஸ்டெல்லா பாயின்ட்டில் (5,756 மீ) அப்பா திரும்ப நினைத்தால் நீங்களும் கூடத் திரும்பத் தேவையில்லை. அது வரை ஏறியதற்கும் பூங்கா சான்றிதழ் தருகிறது.