கடைசி இரண்டரை நாள் வெனிஸில்: எங்கே தங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: இத்தாலிப் பயணத்தின் கடைசி இரண்டரை நாளை வெனிஸுக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஃப்ளோரன்ஸிலிருந்து ரயிலில் மதியம் வந்து சேருவோம். நான்காம் நாள் காலை வெனிஸின் மார்கோ போலோ விமான நிலையத்திலிருந்து விமானம். அப்பாவுக்கு மூட்டுவலி. பெட்டிகளும் பெரியவை. எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் பெட்டியைக் கவனிப்போம். பழைய நகருக்குள் கார் வராது. 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டு வைத்தவை. வாடகை குறைவு என்று தீவுக்கு வெளியே, நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கச் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். பகல் கூட்டம் கிளம்பிய பிறகுதான் வெனிஸ் நடக்கவே லாயக்காகும், அந்த நேரத்தில் நீங்கள் ரயில் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பீர்கள். சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தை ஒட்டியே அறை பாருங்கள். பதிவு செய்யும் முன், "நிலையத்திலிருந்து வர எத்தனை பாலம் ஏற வேண்டும், லிஃப்ட் உண்டா?" என்று ஹோட்டலில் கேட்டுவிடுங்கள். நகர நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் நாள்களில் தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. அதையும் ஆன்லைனில் பதிந்துகொள்ள வேண்டும்.

வந்த அன்று சாயங்காலம் 1-ஆம் எண் வப்பரெட்டோவில் ஏறுங்கள். இது படகுப் பேருந்து. ஏறக்குறைய எல்லாத் துறையிலும் நின்று, நகரின் பெரிய கால்வாயான கிராண்ட் கால்வாய் முழுக்க ஊர்ந்து, முக்கியச் சதுக்கமான சான் மார்கோ போய்ச் சேரும். அப்பா உட்கார்ந்தபடியே அரண்மனை வரிசையையும், 1591-இல் கட்டி முடித்த ரியால்டோ பாலத்தையும் பார்த்துவிடுவார். ஒரு டிக்கெட் 75 நிமிடம்தான் செல்லும் என்பதால் 48 மணி நேர பாஸ் எடுத்துவிடுவது நல்லது.

வெனிஸை ஆண்ட டோஜ்கள் வாழ்ந்த டோஜ் அரண்மனைக்கு நேரம் குறித்து டிக்கெட் வாங்க வேண்டும். அதை இரண்டாம் நாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளினால் ஒரு தாமதம் எல்லாவற்றையும் கெடுக்கும். சான் மார்கோ மணிக்கூண்டு 1902-இல் இடிந்து, 1912-இல் அதே வடிவில் எழுந்தது. லிஃப்ட் இருக்கிறது, வரிசையும் இருக்கிறது. எதிர்க்கரையில் சான் ஜார்ஜோ மாஜோரே தேவாலயக் கோபுரத்திலும் லிஃப்ட் உண்டு, அங்கே கூட்டம் குறைவு. சான் மார்கோவே கண் முன்னால் விரிவது அங்கிருந்துதான்.

மூன்றாம் நாள் ரியால்டோ மீன் சந்தை. ஞாயிறு, திங்களில் மூடியிருக்கும் என்பதால் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மீன் குறைந்தது எத்தனை சென்டிமீட்டர் இருந்தால் விற்கலாம் என்று செதுக்கிய கல்வெட்டு அங்கே இருக்கிறது, தேடிப் பாருங்கள். அப்புறம் ஒரே ஒரு தீவு போதும்: புரானோ. ஃபொந்தமெந்தே நோவே படகுத் துறையிலிருந்து 12-ஆம் எண் படகு, முக்கால் மணி நேரம். தெருக்கள் சமதளம், அப்பாவுக்குச் சிரமமில்லை. கண்ணாடிப் பட்டறை பார்த்தே ஆக வேண்டுமென்றால் அதே படகு முரானோவிலும் நிற்கும்.

விமான நிலையத்துக்குப் படகில் போக ஆசை வரும். அதற்கு அந்த வப்பரெட்டோ பாஸ் செல்லாது, நேரமும் அதிகம். பேருந்துகள் கிளம்பும் பியாட்சாலே ரோமா சதுக்கத்திலிருந்து பேருந்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் ரயில் நிலையத்துக்கும் அந்தச் சதுக்கத்துக்கும் நடுவே கால்வாய் இருக்கிறது. பெட்டியோடு பாலம் ஏறாமல், வப்பரெட்டோவில் ஒரு நிறுத்தம் போய் இறங்கிவிடுங்கள்.